நான்கு எழுத்துகளைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்ற சிறுவன்: அவேரோன் விக்தோருக்கு மொழி கற்பித்த முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய சிறுவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் எவருக்கும் தெரியாது. விக்தோர் என்ற பெயரை அவனுடைய ஆசிரியர்தான் வைத்தார். பேச்சினிடையே யாராவது ‘ஓ’ என்று ஒலி எழுப்பும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்து, அந்த ஒலி ஓங்கிக் கேட்கும் ஒரு பெயரை அவர் தேர்ந்தெடுத்தார். குழந்தை ஏற்கெனவே எதற்குச் செவிசாய்க்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கு மொழி கற்பிப்போர் இன்றும் முதல் பாடமாகக் கற்கிறார்கள்.

அந்த ஆசிரியர் ழான் மார்க் இத்தார். அப்போது 26 வயதான மருத்துவர். விக்தோரைப் பற்றி 1801இலும் 1806இலும் அவர் எழுதிய இரண்டு அறிக்கைகள், பேசாத ஒரு குழந்தைக்கு மொழி கற்பிக்கும் முயற்சியைப் படிப்படியாக, தோல்விகளையும் மறைக்காமல் பதிவு செய்தவை. அவனைப் பேசவைக்கும் முயற்சியில் தாம் தோற்றுவிட்டதாகவே இத்தார் முடிவு செய்தார். அவர் தம் கைப்பட எழுதிய விவரங்களோ, தனக்குப் பயன்பட்ட இடங்களிலெல்லாம் அந்தச் சிறுவன் மொழியைக் கைக்கொண்டான் என்று காட்டுகின்றன. எனவே அவர் எண்ணிய முடிவுக்கு மாறான ஒரு முடிவை அவர் தந்த சான்றுகளிலிருந்தே நாம் பெற முடிகிறது. இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

பின்னணி

1797 வாக்கில் தெற்குப் பிரான்சின் லகோன் காடுகளில் ஆடையின்றித் திரிந்த ஒரு சிறுவனை ஊர்மக்கள் கண்டனர். பிடித்து வைத்தபோதெல்லாம் தப்பியோடியவன், 1800 சனவரிக் குளிரில் அவேரோன் பகுதியைச் சேர்ந்த சான் செர்னான் என்ற ஊரில் மீண்டும் பிடிபட்டான். வயது 11 அல்லது 12 இருக்கலாம் என்று கணித்தார்கள். கழுத்தின் குறுக்கே நீண்ட தழும்பு ஒன்று இருந்தது. ரோடெஸ் நகரில் பொனத்தேர் என்ற பாதிரியார் சில மாதங்கள் அவனைக் கவனித்துக் குறிப்பெழுதினார். பின்னர் உள்துறை அமைச்சர் லூசியன் பொனபார்ட்டின் ஆணைப்படி, 1800 ஆகத்து மாதம் பாரிசிலிருந்த காதுகேளாதோர் பள்ளிக்கு அவன் கொண்டுவரப்பட்டான்.

மனநல மருத்துவத்தின் முன்னோடியாகிய பிலிப் பினெல் அவனைப் பரிசோதித்தார். பிசேத்ர் மருத்துவமனையில் அடைபட்டிருந்த, அறிவுவளர்ச்சி குன்றியவர்களோடு ஒப்பிட்டு, இவனும் அவர்களில் ஒருவனே என்றும், கற்பித்துப் பயன் விளையும் என்று நம்ப இடமில்லை என்றும் அறிக்கை அளித்தார். இத்தார் இதை ஏற்கவில்லை. மனிதரோடு பழகாத தனிமையே காரணம் என்றும், தகுந்த கல்வியால் அதைச் சரிசெய்யலாம் என்றும் அவர் நம்பினார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1989இல், உளவியலாளர் உட்டா ஃபிரித் இந்த விவரங்களை ஆராய்ந்து, விக்தோரிடம் ஆட்டிசத்தின் அடையாளங்கள் தெரிவதாக எழுதினார்.

காரணம் எது என்ற வழக்கை இப்போது எவராலும் தீர்க்க இயலாது. ஆயினும் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறைபாட்டின் பெயரைப் பினெல் சரியாகவே கணித்திருக்கலாம். அந்தப் பெயரிலிருந்து ‘இவனுக்குக் கற்பிக்க இயலாது’ என்ற தீர்ப்புக்குத் தாவியதுதான் அவருடைய பிழை. அதே தாவல் இன்றும் மருத்துவச் சான்றிதழுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் இடையில் நாள்தோறும் நிகழ்கிறது.

முதல் மதிப்பீடு

விக்தோருக்குக் காது கேட்கிறதா என்ற ஐயம் முதலில் எழுந்தது. அவனுக்கு வெகு அருகில் கைத்துப்பாக்கியால் சுட்டபோதும் அவன் ஏறக்குறைய அசையாமல் இருந்தான். ஆனால் அவன் விரும்பி உண்ணும் வால்நட் கொட்டையை எங்கோ ஒருவர் மெல்ல உடைத்தால் உடனே திரும்பினான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது. தன் வாழ்வோடு தொடர்பில்லாத ஒலி எவ்வளவு பெரிதாயினும் அவனுக்கு அது ஒலியாகவே படவில்லை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பிஸ்கட் பொட்டலம் பிரியும் ஓசைக்கு அடுத்த அறையிலிருந்து ஓடிவருவதைப் பார்த்த பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தார் ஐந்து நோக்கங்களை வகுத்தார். சமூக வாழ்வின்மேல் பற்றை உண்டாக்குதல், புலன்களைத் தூண்டுதல், புதிய தேவைகளை ஏற்படுத்திக் கருத்துலகை விரித்தல், பின்பற்றிச் சொல்லவைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருதல், அன்றாடத் தேவைக்குரிய பொருள்களைக் கொண்டு மனத்தின் எளிய செயல்களைப் பயிற்றுதல் ஆகியவை அவை. அன்றாடப் பராமரிப்பு கெரான் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கைகளை எழுதியவர் இத்தார் என்பதால் வரலாறு அவரையே ஆசிரியர் என்கிறது. ஆனால் அந்தச் சிறுவனோடு நாள் முழுவதும் வாழ்ந்தவர் கெரான் அம்மையார் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பாலும் தண்ணீரும்

பேச்சுப் பயிற்சி தண்ணீரில் தொடங்கியது. பிரெஞ்சு மொழியில் தண்ணீருக்கு ‘ஓ’ என்று பெயர். விக்தோர் திரும்பிப் பார்க்கும் ஒலியும் அதுவே என்பதால் அந்தச் சொல் எளிதில் வரும் என்று இத்தார் எண்ணினார். தாகத்தோடிருக்கும் நேரத்தில் தண்ணீர்க் குவளையை அவன் முன் பிடித்துக்கொண்டு ‘ஓ, ஓ’ என்று கூவினார். அருகிலிருந்த வேறொருவரை அதே சொல்லைச் சொல்லச் செய்து, உடனே அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். விக்தோர் கைகளை வீசினான், துடித்தான், ஒருவிதச் சீறல் ஒலியும் எழுப்பினான், சொல் வரவில்லை. இதற்குமேல் வற்புறுத்துவது மனிதத்தன்மையாகாது என்று இத்தார் நிறுத்திக்கொண்டார்.

அடுத்துப் பாலைக் கொண்டு முயன்றார். பிரெஞ்சில் அதற்கு ‘லே’ என்று பெயர். நான்காம் நாள் விக்தோர் தெளிவாக ‘லே’ என்றான். அவன் வாயிலிருந்து பிறந்த முதல் சொல் அது. இத்தார் பெரிதும் மகிழ்ந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சி விரைவில் வற்றியது. பால் குவளையில் ஊற்றப்பட்ட பிறகே, அதைக் கண்ட களிப்பில், அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். பாலைக் கேட்பதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. இரவில் விழித்துக்கொண்டபோதும் காரணமின்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பால் வருவதற்கு முன்பே அந்தச் சொல் வந்திருந்தால் வெற்றி கிட்டியிருக்கும் என்றும், இப்போதோ அது பயனற்ற ஒரு மகிழ்ச்சிக் கூவலாகிவிட்டது என்றும் இத்தார் கருதினார்.

இத்தாரின் நுண்ணிய கண் இங்கேதான் வெளிப்படுகிறது. வேண்டிக் கேட்பதும், கண்டதன் பெயரைச் சொல்வதும் வெவ்வேறு திறன்கள். ஒன்று வந்தால் மற்றது தானே வந்துவிடும் என்ற உறுதி இல்லை. நடத்தையியல் அறிஞர் ஸ்கின்னர் 1957இல் இவ்விரண்டையும் ‘மேண்ட்’, ‘டேக்ட்’ என்று பெயரிட்டுப் பிரித்தார். நம் ஊர்ப் பயிற்சி மையங்களிலும் இச்சொற்கள் வழங்குகின்றன. படத்தைக் காட்டினால் ‘பால்’ என்று சொல்லும் குழந்தை பசிக்கும்போது அதைக் கேட்கத் தெரியாமல் அழுவதை நாம் பார்த்திருக்கிறோம். இத்தார் அந்த வேறுபாட்டை 1801இலேயே கண்டுவிட்டார். கண்டபின் அவர் எடுத்த முடிவுதான் வருத்தம் தருகிறது. களிப்பில் பிறந்த சொல்லும் ஒரு மொழிச்செயலே. தாய் அதை மறுபடி சொல்லிக்காட்டி வளர்த்தெடுக்கும் பொருள் அது. அவர் அதைப் பிழையாக எண்ணி ஒதுக்கிவிட்டார்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ‘தண்ணி’ என்று சொன்னால்தான் தருவேன் என்று தாகத்தோடு நிற்கும் குழந்தையைக் காக்கவைக்கும் வழக்கம் இன்றும் வீடுகளிலும் பயிற்சி அறைகளிலும் இருக்கிறது. இத்தார் அதை மனிதத்தன்மையற்றது என்று உணர்ந்து கைவிட்டார். 200 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதைக் கைவிடாமலிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வாய் திறவாமல் சொன்னவை

இத்தாரின் அறிக்கையில் விக்தோரின் சைகைகளைப் பற்றி வரும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். பால் வேண்டுமானால் அவன் தன் மரக்கிண்ணத்தை எடுத்து வருவான். பார்க்க வந்தவர்கள் வெகுநேரம் அமர்ந்திருந்தால், அவர்களுடைய கைத்தடியையும் கையுறையையும் தொப்பியையும் கொண்டுவந்து கொடுத்து, மெதுவாக வாயிலை நோக்கித் தள்ளுவான். அவனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்வது ஒரு விளையாட்டு. அதற்கு ஆளில்லையென்றால் ஒருவர் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, வண்டியின் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறி அமர்வான். அவர் அசையாவிட்டால் இறங்கி, தானே வண்டியைச் சிறிது தூரம் தள்ளிக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறி அமர்வான். பிறர் காட்டும் சைகையையும் அவன் அவ்வாறே புரிந்துகொண்டான். கெரான் அம்மையார் தண்ணீர்ச் சாடியைக் கவிழ்த்துக் காட்டினால் போதும், நிரப்பிவரக் கிளம்பிவிடுவான்.

இவற்றில் ஒரு செய்தி இருக்கிறது; அதைப் பெறுவதற்கென ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்; அவருக்குப் புரியாதபோது செய்தி வேறு வகையில் திருத்திச் சொல்லப்படுகிறது. தள்ளுவண்டியைத் தானே தள்ளிக் காட்டியது அத்தகைய திருத்தம். இன்றைய மதிப்பீட்டுப் படிவங்களில் இத்தகைய ‘செய்தியைச் சீர்செய்தல்’ உயர்ந்த தொடர்புத்திறனாகக் குறிக்கப்படுகிறது. இத்தாரோ இதைப் பேச்சுக்கு முந்திய, கடந்துசெல்ல வேண்டிய ஒரு படியாகவே கருதினார்.

கெரான் அம்மையாரின் கணவர் இறந்த சமயத்தில் நடந்தது இது. உணவு மேசையைத் தயார் செய்வது விக்தோரின் வேலை. வழக்கம்போல் இறந்தவருக்கும் சேர்த்து அவன் தட்டு வைத்தான். அம்மையார் அதைக் கண்டு கலங்கி அழுததும், அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். பிறகு ஒருநாளும் அதை மேசையில் வைக்கவில்லை.

அவன் தங்கியிருந்த கட்டடம் காதுகேளாதோர் பள்ளி. ழான் மசியே என்ற காதுகேளாத ஆசிரியர் அங்கே கற்பித்துவந்தார். அப்போது அங்கு மாணவராயிருந்த லோரான் க்ளேர் என்ற இளைஞர், 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் காதுகேளாதோருக்கான நிலையான முதல் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். முற்றத்தில் நாள் முழுவதும் சைகைமொழி நடமாடியது. கைகளால் இத்தனை தெளிவாகப் பேசிய ஒரு சிறுவனுக்கு அந்த மொழியைக் கற்பிக்க எவரும் முயலவில்லை. கற்பித்திருந்தால் எவ்வளவு கற்றிருப்பான் என்று இன்று அறுதியிட இயலாது. ஆனால் கைக்கெட்டும் தூரத்திலிருந்த ஒரு வழியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது இந்த நிகழ்வின் மிகப் பெரிய இழப்பு. இத்தாரின் காலத்துக் கல்விமான்களுக்குக் குரலே மொழி. அந்த நம்பிக்கை அவர் கண்ணை மறைத்தது. காதுகேளாத மாணவர்களோடு நெடுங்காலம் பணிபுரிந்த பிறகு, அவர்கள் கல்விக்குச் சைகைமொழி தேவை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். விக்தோருக்கு அந்த மனமாற்றம் மிகவும் தாமதமாக வந்தது.

எழுத்துகளின் வழி

பேச்சு வராத நிலையில் இத்தார் கண்ணின் வழியே முயன்றார். சாவி, கத்தரிக்கோல், சுத்தியல் போன்ற பொருள்களை அவற்றின் உருவம் வரைந்த பலகையில் மாட்டவைத்தார். பிறகு நிறங்கள், வடிவங்கள், அதன்பின் எழுத்துகள். 24 எழுத்துகளைத் தனித்தனி அட்டைகளில் அச்சிட்டு, அவற்றைச் செருகுவதற்குப் பலகையில் பள்ளங்கள் வெட்டினார். உலோகத்திலும் ஒரு தொகுதி செய்வித்தார். விக்தோர் தொடக்கத்தில் எழுத்தைப் பார்க்காமலே சரியாக வைத்துவந்தான். பலகையிலிருந்து எடுக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை குலையாமல் அடுக்கிக்கொண்டு, அதே வரிசையில் திருப்பி வைத்தான். இதைக் கண்ட இத்தார் எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்தார். உண்மையான கற்றல் அதன் பிறகே தொடங்கியது.

அடுத்து, பிரெஞ்சில் lait என்று எழுதப்படும் ‘லே’ என்ற சொல்லின் நான்கு எழுத்துகளை இத்தார் மேசையில் அடுக்கினார். கெரான் அம்மையார் அதைப் பார்த்துவிட்டுப் பால் கொடுத்தார். எழுத்துகள் விக்தோரிடம் கொடுக்கப்பட்டபோது அவன் அவற்றைக் கடைசியிலிருந்து முதலாகத் தலைகீழாக அடுக்கினான். திருத்திக் காட்டி ஐந்தாறு முறை செய்ததும் சரியாக அடுக்கினான், பாலும் கிடைத்தது. இது வெறும் பழக்கம் என்று எவரும் சொல்லிவிடலாம். எட்டு நாள் கழித்து நிகழ்ந்ததை அப்படிச் சொல்ல முடியாது. வானாய்வுக்கூடத்துத் தோட்டத்தருகே லெமெரி என்பவர் வீட்டில் நாள்தோறும் மாலையில் அவனுக்குப் பால் தருவார்கள். அன்று புறப்படும்போது எவரும் சொல்லாமல் அந்த நான்கு எழுத்துகளைத் தானே தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அங்கே போய்ச் சேர்ந்ததும் மேசைமீது அவற்றை வரிசையாக வைத்தான். பால் வருமுன் வைத்தான்.

இத்தார் ‘லே’ என்ற குரலில் எதிர்பார்த்து ஏமாந்தது இதைத்தான். கேட்கும் செயல், பொருளுக்கு முன்னே வந்துவிட்டது. இடம் மாறியது, ஆள் மாறினார், தூண்டுவதற்கு ஆசிரியர் இல்லை. ஆயினும் சொல் தன் வேலையைச் செய்தது. 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில் குழந்தை முதலில் கற்பது இதையே: வேண்டிய பொருளின் படத்தை எடுத்து, இன்னொருவரைத் தேடிச் சென்று, அவர் கையில் கொடுப்பது. அடுத்த கட்டத்தில் படமும் ஆளும் தூரத்தில் வைக்கப்படும். விக்தோர் இரண்டு கட்டங்களையும் எட்டே நாளில் தானாகக் கடந்தான். நான்கு எழுத்துகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட அந்தக் கணத்தை இந்த நிகழ்வின் மையமாகவே நான் கருதுகிறேன்.

பின்வந்த ஆண்டுகளில் எழுதிய சொல்லைப் பார்த்து உரிய பொருளை எடுத்துவரக் கற்றான். ஆனால் ‘புத்தகம்’ என்றால் பயிற்சிக்குப் பயன்பட்ட அந்த ஒரே புத்தகத்தை மட்டுமே குறித்தான். வேறு புத்தகங்கள் கண்முன் இருந்தாலும் அவனுக்கு அவை புத்தகம் ஆகவில்லை. அந்தத் தடையைக் கடந்ததும் எதிர்த்திசையில் சென்றான். ‘கத்தி’ என்ற சொல்லுக்குச் சவரக்கத்தியை எடுத்துக் கொடுத்தான். பொருளின் பயனைக் கொண்டு அவன் இனம் பிரிக்கத் தொடங்கினான் என்பதற்கு அந்தத் தவறே சான்று. பெரிய, சிறிய என்ற அடைகளையும், தொடு, எறி போன்ற வினைகளையும் கற்றான். ஒருமுறை இத்தார் கவனமின்றிப் பொருந்தாத சொற்களைச் சேர்த்து எழுதினார்: ‘கல்லைக் கிழி’, ‘கோப்பையை வெட்டு’, ‘துடைப்பத்தைத் தின்’. விக்தோர் சுத்தியலால் கல்லை உடைத்தான். கோப்பையைக் கீழே போட்டு உடைத்தான். மூன்றாவதற்கு ஒரு ரொட்டித் துண்டைத் தேடியெடுத்துத் தின்றான். வாக்கியத்தின் பொருள் விளங்காதவனால் இப்படி அதைச் சரிசெய்ய இயலாது. சொற்களைப் பார்த்து எழுதவும், பின்னர் நினைவிலிருந்து எழுதவும் அவன் கற்றுக்கொண்டான்.

கண்கட்டும் முரசுக்கோலும்

இரண்டாம் அறிக்கையில் ஒரு வேதனையான பகுதி இருக்கிறது. உயிரொலிகளை வேறுபடுத்தக் கற்பிக்க, இத்தார் சிறுவனின் கண்களைக் கட்டி, ஐந்து ஒலிகளுக்கு ஐந்து விரல்களை ஒதுக்கி, கேட்ட ஒலிக்குரிய விரலை உயர்த்தச் செய்தார். விக்தோருக்கு இது பெருமகிழ்ச்சி தந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் சிரித்துச் சிரித்து விரல்களைத் தாறுமாறாக உயர்த்தினான். சிரிப்பு பாடத்தைக் கெடுக்கிறது என்று எண்ணிய இத்தார், தவறும்போது முரசுக்கோலால் விரலில் மெல்லத் தட்டினார். பயனில்லாததால் சற்று வலுவாகத் தட்டினார். கட்டுத்துணிக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. அவிழ்த்த பின்னும் விக்தோர் கண்களைத் திறக்கவில்லை. அச்சம் பற்றிக்கொண்டது; வந்த திறனும் போய்விட்டது; பயிற்சி அத்தோடு கைவிடப்பட்டது. இதற்கு முன்பு ஒருமுறை, பாடத்தை மறுத்து வெறிகொண்ட அவனை மேல்மாடிச் சன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்ததையும் இத்தாரே எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தால் அவன் கீழ்ப்படிந்தான். அதனால் புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை.

மதிப்பீடு

குரலைப் பொறுத்தவரை விக்தோரிடம் வந்தவை மிகச் சில. உயிரொலிகள் பெரும்பாலும் வந்தன. மெய்யொலிகள் மூன்று மட்டுமே. ‘லே’ என்பதோடு, கெரான் அம்மையார் அடிக்கடி சொல்லும் ‘ஓ, கடவுளே’ என்ற வியப்புத் தொடரையும் அவன் அவரிடமிருந்து பற்றிக்கொண்டான். இதை எவரும் பாடமாக வைக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். பெரியவர் ஒருவர் உணர்ச்சியோடு உண்மையான தருணங்களில் சொன்னது ஒட்டிக்கொண்டது. விரல் எண்ணிப் பயிற்றியது ஒட்டவில்லை.

பெற்றோர்களிடம் பேசும்போது ஓர் ஐயம் தவறாமல் வரும்: படத்தையும் சைகையையும் கொடுத்துவிட்டால் பிள்ளை பேச மாட்டானே? 2006இல் மில்லார், லைட், ஷ்லோசர் ஆகியோர் வெளியிட்ட மீளாய்வில், நம்பத்தக்க முறையில் ஆய்வு செய்யப்பட்ட 27 பேரில் மாற்றுத் தொடர்பு வழிகளால் பேச்சு குறைந்தவர் ஒருவரும் இல்லை. பெரும்பாலோரிடம் அது சிறிதளவேனும் கூடியது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தொடர்பு என்பதற்குத் தரும் வரையறையில் சைகையையும், எழுத்துக் காட்சியையும், பிற மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. ஆகவே கிண்ணத்தை நீட்டும் குழந்தை ‘இன்னும் பேசவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதப்படும்போது, அறிவியலின்படியும் சட்டத்தின்படியும் அந்தக் குறிப்பு குறையுடையது.

இத்தாரின் கருவிகள் வீண்போகவில்லை. அவருடைய வழிகாட்டலில் தொடங்கிய எதுவார் செகேன் அவற்றை அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான முழுமையான கல்விமுறையாக்கினார். இருவருடைய நூல்களையும் மரியா மொண்டிசோரி தம் கையால் எழுதி மொழிபெயர்த்துப் பயின்றார். விரலால் தடவி உணரும் அவருடைய சொரசொரப்பான எழுத்தட்டைகள் அந்த மரபில் பிறந்தவை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று தமிழ் எழுத்தட்டைகளை விரலால் தடவிப் படிக்கும் நம் குழந்தைகளின் கையில் விக்தோரின் பாடத்தின் ஒரு பகுதி இருக்கிறது.

பின்னாள்கள்

1806க்குப் பிறகு இத்தார் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டார். அரசின் உதவித்தொகையோடு கெரான் அம்மையார் பொறுப்பைத் தொடர்ந்தார். 1811இல் இருவரும் பள்ளியருகே ஃபெயான்தீன் சந்தில் ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். 1817இல் விரே என்ற இயற்கை அறிஞர், விக்தோர் இன்னும் மிரட்சியோடு அரைக் காட்டுத்தன்மையில் இருப்பதாகவும், பேசக் கற்கவில்லை என்றும் எழுதினார். அந்த வீட்டில் பசியையும் தாகத்தையும் வெளியே போகும் ஆசையையும் அவன் தெரிவித்ததும், அம்மையார் அதைப் புரிந்துகொண்டதும் 17 ஆண்டுகள் நடந்தன. அவற்றை எவரும் அறிக்கையாக எழுதவில்லை. 1828இல், ஏறத்தாழ 40 வயதில், விக்தோர் அங்கேயே இறந்தான்.